தோப்புக்கரணம் போட்டால் மார்க் வருமா?

மார்ச் மாதம் பிறந்துவிட்டால் போதும்... தெருமுனைப் பிள்ளையாருக்கு ஓய்வே கிடையாது. காலை ஏழு மணிக்கே யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள் வரிசையாக வந்து நிற்பார்கள். பேனாவும் ஹால் டிக்கெட்டும் அவர் காலடியில் வைத்து எடுக்கப்படும். நெற்றிப்பொட்டில் மூன்று குட்டு, பிறகு தோப்புக்கரணம். பக்கத்தில் நிற்கும் அம்மா எண்ணிக்கொண்டே இருப்பார். ‘‘நல்லா உட்கார்ந்து எழுந்திரு... இன்னும் ஆறு பாக்கி. இதுவும் யோகாதான். மூளை வளருமாம், டி.வி.யில சொன்னாங்க!’’

எண்ணிக்கையை முடித்த பிள்ளை, மூச்சு வாங்கியபடி இப்படிக் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வோம்?

‘‘அம்மா, ஹோம்வொர்க் செய்யலைன்னா ஸ்கூல்ல தோப்புக்கரணம் போடச் சொல்றாங்க. அங்கே அது பனிஷ்மென்ட். யோகா டீச்சர் அதை எக்ஸர்சைஸ்னு சொல்றாங்க. பாட்டி சாமிக்குன்னு சொல்றாங்க. நீ மூளை வளரப் போடுங்கறே. இதுல எதும்மா நிஜம்?’’

‘‘சந்நிதியில நின்னு கேள்வி கேட்காதே, வா!’’ என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுவது சுலபம். ஆனால், கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டிய கேள்வி இது. இன்று பல பள்ளிகளில் யோகா ஒரு வகுப்பாகவே வந்துவிட்டது. 2014 டிசம்பரில் ஐ.நா. சபை ஜூன் 21-ஐ சர்வதேச யோகா தினமாக அறிவித்தது. 2015 முதல் ஆண்டுதோறும் அன்றைக்குப் பள்ளி மைதானங்களில் பாய் விரிக்கிறார்கள். ‘உங்கள் குழந்தையின் கவனம் கூடும், ஞாபக சக்தி பெருகும், சிந்தனைத் திறன் வளரும்’ என்று விளம்பரங்களும் பார்க்கிறோம். முனிவர்கள் நமக்குக் கொடுத்துவிட்டுப் போன யோகத்தை மார்க் வாங்கித் தரும் கருவியாகப் பிள்ளைகளிடம் கொடுக்கலாமா? அது தர்மமா?

சிரிப்பில் பிறந்த தோப்புக்கரணம்

தோப்புக்கரணம் எப்படி வந்தது என்று பெரியவர்கள் சொல்லும் கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஒருமுறை மகாவிஷ்ணுவின் சக்கரத்தைக் குழந்தை விநாயகர் விளையாட்டாகப் பிடுங்கி வாயில் போட்டுக்கொண்டுவிட்டார். மிரட்டி வாங்க முடியாது; பிடுங்கவும் முடியாது. குழந்தை ஆயிற்றே! பெருமாள் என்ன செய்தார் தெரியுமா? தம் கைகளால் காதுகளைப் பிடித்துக்கொண்டு, குழந்தையின் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்தார். அந்த வேடிக்கையைப் பார்த்து விநாயகர் விழுந்து விழுந்து சிரிக்க, வாயிலிருந்த சக்கரம் தானாகவே வெளியே வந்து விழுந்தது. கைகளால் காதைப் பிடிப்பது என்ற பொருள் கொண்ட வடமொழிச் சொல்தான் தமிழில் ‘தோப்புக்கரணம்’ ஆயிற்று என்பார்கள்.

யோசித்துப் பாருங்கள்! அந்தக் கதையில் தோப்புக்கரணம் போட்டது குழந்தை இல்லை, பெரியவர். அதுவும் எதற்காக? ஒரு குழந்தையைச் சிரிக்க வைப்பதற்காக!

அதை நாம் என்ன ஆக்கிவிட்டோம்? முதலில் தண்டனை ஆக்கினோம். கணக்கு தப்பாகப் போட்ட பிள்ளையை வகுப்பு முழுவதும் பார்க்க, நூறு தோப்புக்கரணம் போட வைத்தோம். உடலை வருத்தும் தண்டனையும் மனதை நோகடிக்கும் தண்டனையும் பள்ளியில் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடுத்திருக்கிறது. அப்படியும் அந்தப் பழக்கம் முழுவதும் ஒழிந்தபாடில்லை.

பிறகு அதையே மூளைக்கு டானிக் ஆக்கினோம். பிலிப்பைன்ஸ் நாட்டைச் சேர்ந்த சோவா கோக் சூயி என்பவர் 2005-இல் ‘சூப்பர் பிரெய்ன் யோகா’ என்று ஒரு புத்தகம் எழுதினார். நம் தோப்புக்கரணமேதான்! இடது கையால் வலது காது மடலையும், வலது கையால் இடது காது மடலையும் பிடித்து உட்கார்ந்து எழுந்தால் மூளையின் இரண்டு பக்கங்களும் தூண்டப்படும் என்றார் அவர். வெளிநாட்டுப் பள்ளிகளில் சிலர் செய்து பார்த்தார்கள்; அது நம் ஊர் டி.வி.யில் வந்தது, நமக்கும் பெருமையாக இருந்தது. 2019-இல் ஹரியானா மாநிலப் பள்ளிக் கல்வி வாரியமே பிவானியில் ஒரு பள்ளியில் இதைச் சோதனை முயற்சியாகத் தொடங்கியது.

உட்கார்ந்து எழுந்தால் கால் தசைகள் வலுப்பெறும், ரத்த ஓட்டம் சீராகும், தூக்கக் கலக்கம் போகும். இதில் சந்தேகமில்லை. ஆனால், காது மடலைத் தொட்டால் அறிவு கூடும் என்பதற்கு மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்ட உறுதியான சான்று இன்றுவரை இல்லை.

சிந்தனைத் திறன் என்பது என்ன?

சரி, யோகாவால் குழந்தையின் சிந்தனைக்குப் பயனே இல்லையா? இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதைத்தான் சரியாகப் பார்க்க வேண்டும்.

வீட்டிலேயே ஒரு சின்ன விளையாட்டு செய்து பாருங்கள். ஒரு காகிதத்தில் நீல நிறப் பேனாவால் ‘சிவப்பு’ என்று எழுதுங்கள். ‘‘இது என்ன வார்த்தைன்னு சொல்லாதே... எந்த நிறத்துல எழுதியிருக்குன்னு மட்டும் சொல்லு’’ என்று பிள்ளையிடம் காட்டுங்கள். சட்டென்று ‘சிவப்பு’ என்றுதான் வாயில் வரும். அதை அடக்கி, ஒரு நொடி நிதானித்து ‘நீலம்’ என்று சொல்ல வேண்டும். ‘ஸ்ட்ரூப் சோதனை’ என்ற பெயரில் மனநல ஆய்வாளர்கள் பல்லாண்டுகளாகச் செய்துவரும் பரிசோதனை இது.

முந்திக்கொண்டு வரும் பதிலை அடக்குவது, கேட்டதை மனதில் நிறுத்திக்கொண்டே அடுத்ததைச் செய்வது, ஒரு வழி அடைபட்டால் வேறு வழி தேடுவது. இந்த மூன்றும்தான் சிந்தனைக்கு அஸ்திவாரம் என்கிறார்கள். இதற்கான மூளையின் முன்பகுதி, இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே இருக்கும். எட்டு வயதுப் பிள்ளை நிதானமில்லாமல் இருக்கிறதே என்று நாம் கவலைப்படுவது, மாங்கன்று நட்ட மறுமாதமே காய் தேடுவது போலத்தான்!

இந்தத் திறன்களை 4 முதல் 12 வயதுக்குள் வளர்க்க எவையெல்லாம் உதவுகின்றன என்று அடெல் டயமண்ட், கேத்லீன் லீ என்ற இரு பெண் ஆய்வாளர்கள் 2011-இல் ‘சயின்ஸ்’ என்ற அறிவியல் இதழில் தொகுத்து எழுதினார்கள். அந்தப் பட்டியலில் யோகாவும் இருக்கிறது. கூடவே ஓட்டம் போன்ற உடற்பயிற்சி, தற்காப்புக் கலை, தியானம், சில வகைப் பாடத்திட்டங்கள் எல்லாமும் இருக்கின்றன.

2013-இல் நம் நாட்டில் செய்யப்பட்ட ஓர் ஆய்வு வெளியானது. 8 முதல் 13 வயது வரையுள்ள 98 பள்ளிப் பிள்ளைகள். பாதிப் பேருக்கு யோகா, மீதிப் பேருக்கு உடற்பயிற்சி. தினம் 45 நிமிடம், வாரம் ஐந்து நாள், மூன்று மாதம். முடிவு? இரண்டுமே பள்ளிக்கு நல்லது என்று தெரிந்தது. நண்பர்கள் மத்தியில் தன்னம்பிக்கை என்று பார்த்தால், உடற்பயிற்சி செய்த பிள்ளைகள்தான் ஒரு படி மேலே இருந்தார்கள். ஆகவே, யோகா வகுப்பு வந்துவிட்டது என்பதற்காக விளையாட்டுப் பீரியடைப் பிடுங்கினால் பிள்ளைக்கு நஷ்டம்தான்.

இன்னொரு செய்தியையும் சொல்லாமல் விடுவது நியாயமில்லை. யோகாவுக்கு உறவான தியானப் பயிற்சி ஒன்றை, ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்ற பெயரில் இங்கிலாந்துப் பள்ளிகளில் 11 முதல் 14 வயதுப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்துப் பார்த்தார்கள். எண்ணாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கலந்துகொண்ட பெரிய ஆய்வு அது. வழக்கமான வகுப்புகளைவிட இதனால் கூடுதல் நன்மை எதுவும் தெரியவில்லை என்று 2022-இல் வந்த முடிவு சொன்னது. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் அதைச் செய்து பார்க்கவே இல்லையாம்!

ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? எல்லாருக்கும் ஒரே அளவில் சட்டை தைத்தால் யாருக்குப் பொருந்தும்? 1930-களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் சிறுவர்களுக்குக் கற்பித்தவரும், பிற்காலத்தில் சென்னையிலேயே வாழ்ந்து 1989-இல் மறைந்தவருமான யோகாசாரியர் கிருஷ்ணமாசாரியார், இதைத்தான் வலியுறுத்தி வந்தார். வளரும் பிள்ளைக்கு ஒரு முறை, குடும்பஸ்தருக்கு ஒரு முறை, முதியவருக்கு ஒரு முறை. ஆளுக்கேற்றபடிதான் யோகமே தவிர, யோகத்துக்கேற்றபடி ஆளை வளைக்கக் கூடாது.

முதல் இரண்டு படிகள் எங்கே?

ஆதிசேஷனே பதஞ்சலி முனிவராகப் பிறந்து, தில்லையில் நடராஜப் பெருமானின் நடனத்தைக் கண்டு களித்தார் என்பது நம் நம்பிக்கை. அந்தப் பதஞ்சலியின் பெயரில் வழங்கும் யோக சூத்திரத்தில் எட்டு அங்கங்கள் சொல்லப்பட்டிருக்கின்றன. முதலாவது யமம், இரண்டாவது நியமம். ஆசனம் என்பது மூன்றாவதுதான். பிராணாயாமமும் தியானமும் அதற்கும் பிறகு.

பள்ளிக்கூட யோகா எங்கே தொடங்குகிறது? நேராக மூன்றாம் படியில்! முதல் படியான யமத்தில் இருப்பவை ஐந்து. அகிம்சை, சத்தியம், திருடாமை, பிரம்மச்சரியம், பேராசைப்பட்டுச் சேர்க்காமை. பிள்ளைக்கு யோகா சொல்லித் தரும் பெரியவர்களாகிய நாம், இவற்றில் மூன்றையாவது கடைப்பிடிக்கிறோமா?

அகிம்சை. தண்டனையாகத் தோப்புக்கரணம் போட வைக்கும்போதே இது போய்விடுகிறது. முதுகு வலிக்கிறது என்று அழும் பிள்ளையை, ஆண்டு விழா மேடையில் அழகாக இருக்கும் என்பதற்காக வளைப்பதும் ஹிம்சைதான். விருப்பமில்லாத பிள்ளையைக் கட்டாயப்படுத்துவதும் இதில் சேர்த்திதான். ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை யோகாவைக் கட்டாயமாக்கச் சொல்லித் தொடரப்பட்ட வழக்கை 2017-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. பள்ளியில் எதைக் கற்பிப்பது என்று தீர்மானிப்பது தன் வேலையல்ல என்றது. அமெரிக்காவின் அலபாமா மாநிலம் 1993-இல் பள்ளிகளில் யோகாவுக்குத் தடையே விதித்திருந்தது, 2021-இல்தான் விலக்கிக்கொண்டது. அப்போதும் மந்திரம் கூடாது, ‘நமஸ்தே’ சொல்லக் கூடாது என்று நிபந்தனை! படிக்கும்போது நமக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால், அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் வேற்று மதத்துப் பிள்ளையின் தாய்க்கும் நம்மைப் போல ஒரு மனசு உண்டல்லவா? அவள் தயக்கத்தையும் மதிக்கும்போதுதான் அங்கே யோகம் இருக்கிறது.

சத்தியம். ‘இதைச் செய்தால் சென்டம் வரும்’ என்று குழந்தையிடம் சொல்கிறோமே, அது நிஜமா? வராவிட்டால் என்ன ஆகும்? அந்தப் பிள்ளை பிள்ளையாரை நம்பாது, யோகாவை நம்பாது, சொன்ன அம்மாவையும் நம்பாது. இறைவனிடம் வேண்டிக்கொள்வதில் தவறே இல்லை. குழந்தை தாயிடம் கேட்பது போல நாம் சாமியிடம் கேட்கிறோம். கேட்பது நம் உரிமை. கொடுப்பது அவன் விருப்பம். ஆனால், அவன் சார்பில் நாமே பிள்ளைக்கு வாக்குக் கொடுக்கிறோமே, அந்த அதிகாரத்தை நமக்கு யார் தந்தது?

மூன்றாவது, பேராசையின்மை. கணக்குக்கு டியூஷன், இந்திக்கு டியூஷன், அபாகஸ், கீபோர்டு, அதோடு சேர்த்து யோகா. அடுத்த வீட்டுப் பையனைவிட நம் பையன் முந்த வேண்டும் என்பதற்காகவே ஒரு பிள்ளையை யோகா வகுப்பில் சேர்த்தால், பாயை விரிப்பதற்கு முன்பே யோகம் கலைந்துவிடுகிறது.

ஆக, தோப்புக்கரணத்தில் எது நிஜம் என்று பிள்ளை கேட்டால் சொல்லும் பதில் இதுதான். ‘‘சாமி முன்னால போடறது, அவருக்கு முன்னால நாம சின்னவங்கன்னு சந்தோஷமா ஒத்துக்கறது. உடம்புக்கு அது நல்ல பயிற்சியும்கூட. மார்க் வேணும்னா படிக்கணும். தண்டனையா அதைப் போடச் சொல்றது தப்பு, கண்ணா.’’ இப்படி நேராகச் சொல்லிவிட்டால் பக்தி குறைந்துவிடாது. பொய் கலக்காத பக்தியாகப் பிள்ளை மனதில் நிற்கும்.

கேள்வி கேட்ட பிள்ளைகள்

இங்கே ஒரு சந்தேகம் வரலாம். யோகம் என்பது மனதை அடக்குவது. சிந்தனை என்பது மனதை ஓட விடுவது. இரண்டும் எப்படிச் சேரும்? அமைதியாகக் கண் மூடி உட்காரப் பழகிய பிள்ளை, சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் பிள்ளை ஆகிவிடாதா?

கடோபநிஷதத்தில் வரும் நசிகேதனை நினைத்துக்கொள்ளுங்கள். அவன் தந்தை பெரிய யாகம் செய்கிறார். தானமாகக் கொடுப்பதோ, இனிப் பால் கறக்காத கிழட்டுப் பசுக்கள்! மற்றவர்கள் சும்மா இருக்க, சிறுவன் மட்டும் அதைப் பார்த்து யோசிக்கிறான். ‘‘அப்பா, என்னை யாருக்குக் கொடுக்கப் போகிறீர்கள்?’’ என்று மூன்று முறை கேட்கிறான். கோபம் வந்த தந்தை, ‘‘உன்னை எமனுக்குக் கொடுக்கிறேன்’’ என்று சொல்லிவிடுகிறார். (அடுப்படி அவசரத்தில் நம் வாயிலும் இப்படி ஏதாவது வந்துவிடுகிறதே!)

எமலோக வாசலில் மூன்று இரவு பசியோடு காத்திருக்கிறான் நசிகேதன். எமதர்மன் மூன்று வரங்கள் தருகிறான். மூன்றாவது வரமாகச் சிறுவன் கேட்பது பொன்னையோ பொருளையோ அல்ல. மரணத்துக்குப் பின் என்ன என்ற விளக்கத்தை! நீண்ட ஆயுள் தருகிறேன், செல்வம் தருகிறேன் என்று எமன் ஆசை காட்டியும் அவன் மசியவில்லை. பிறகுதான் எமன் உபதேசிக்கிறான். உடல் ஒரு தேர், புலன்கள் குதிரைகள், மனம் கடிவாளம், புத்தி சாரதி. புலன்கள் ஓடாமல் உறுதியாக நிற்கும் நிலைதான் யோகம் என்ற விளக்கமும் அந்த உபநிஷதத்திலேயே வருகிறது. யோகத்தைப் பற்றி நமக்குக் கிடைத்த மிகப் பழைய விளக்கங்களில் ஒன்று, விடாமல் கேள்வி கேட்ட ஒரு சிறுவனுக்குக் கிடைத்த பதில்! கடிவாளம் எதற்கு? குதிரையைக் கட்டிப் போடுவதற்கா? இல்லையே... போக வேண்டிய இடத்துக்குத் தேரைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்கு!

நம் ஆழ்வார்திருநகரிக்கு வாருங்கள். புளிய மரத்தடியில் பதினாறு ஆண்டுகள் பேசாமல் யோக நிலையில் அமர்ந்திருந்தார் நம்மாழ்வார். வடக்கே இருந்தபோது தெற்கே ஒளியைக் கண்டு அதைத் தேடி வந்த மதுரகவியாழ்வார், உயிரற்ற உடலுக்குள் உயிர் புகுந்தால் அது எதை அனுபவித்து எங்கே இருக்கும் என்ற பொருளில் ஒரு கேள்வி கேட்டார். அத்தனை ஆண்டு மௌனமும் அந்த ஒரு கேள்விக்குத்தான் கலைந்தது. பிறகு வந்தவைதான் தமிழ் வேதம் என்று நாம் போற்றும் பாசுரங்கள். மௌனம் அவர் சிந்தனையை மழுங்கடிக்கவில்லை, கனிய வைத்தது.

இதுதான் யோகம் ஒரு பிள்ளைக்குத் தரக்கூடிய சொத்து. கோபத்துக்கும் அடிக்கும் நடுவே ஒரு மூச்சு இடைவெளி. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரு நிதானம். அந்த இடைவெளியில்தான் சிந்தனை முளைக்கிறது. ஆனால், அங்கே முளைக்கும் கேள்வியை ‘வாயை மூடு’ என்று நாமே கிள்ளி எறிந்தால், எத்தனை ஆசனம் செய்து என்ன பயன்?

வீட்டில் என்ன செய்யலாம்?

மாலையில் விளக்கேற்றியதும் டி.வி.யையும் செல்போனையும் ஐந்து நிமிடம் அணைத்து வையுங்கள். பிள்ளையை மட்டும் உட்காரச் சொல்லாமல் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். முதுகை நிமிர்த்தி, இயல்பாக வந்து போகும் மூச்சைப் பத்து முறை எண்ணினால் போதும். மூச்சை அடக்கிப் பிடிக்கும் கும்பகமெல்லாம் சிறு பிள்ளைகளுக்கு வேண்டாம். தலைகீழாக நிற்கும் ஆசனங்களை, தேர்ந்த ஆசிரியர் நேரில் இல்லாமல் முயல வேண்டாம். வலித்தால் நிறுத்திவிடலாம் என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

பத்து மூச்சு முடிந்ததும், ‘‘இன்னிக்கு உனக்கு என்ன சந்தேகம் வந்தது?’’ என்று கேளுங்கள். என்ன மார்க் என்று கேட்க வேண்டாம். உங்களுக்குப் பதில் தெரியாவிட்டால், ‘‘எனக்கும் தெரியலையே, சேர்ந்து கண்டுபிடிக்கலாமா?’’ என்று சொல்லுங்கள். சத்தியம் என்ற முதல் படியைப் பிள்ளை உங்களிடமிருந்து அங்கேதான் கற்றுக்கொள்கிறது. மாலையில் விளையாடும் ஒரு மணி நேரத்தைத் தயவுசெய்து வெட்டிவிடாதீர்கள்.

பள்ளியில் யோகா வகுப்பு இருந்தால், பெற்றோர் கூட்டத்தில் இரண்டே கேள்விகள் கேளுங்கள். ‘பிள்ளைகளைத் தண்டிக்க இதைப் பயன்படுத்துவதில்லையே?’ ‘வேண்டாம் என்று சொல்லும் பிள்ளைக்கு வேறு ஏற்பாடு இருக்கிறதா?’ இரண்டுக்கும் நல்ல பதில் வந்தால், நிம்மதியாக அனுப்பி வையுங்கள்.

அடுத்த முறை பிள்ளையார் சந்நிதிக்குப் போகும்போது எண்ணிக்கையை மறந்துவிடுங்கள். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் காதைப் பிடித்து மூன்று தோப்புக்கரணம் போடுங்கள். முட்டி மடக்க முடியாமல் நீங்கள் தடுமாறுவதைப் பார்த்து உங்கள் பிள்ளை சிரிக்கும். சிரிக்கட்டும்! பெருமாள் அன்று தோப்புக்கரணம் போட்டது, ஒரு குழந்தையின் அந்தச் சிரிப்புக்காகத்தானே?